முசே கணக்கு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாளியில் சுண்ணாம்புக் கல் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காரநெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, முசே. செத்துப்போன மனிதரைப் பூ வாசனையில் நினைப்பதுதான் மரியாதை. என் மூக்குக்கு அது தெரியவில்லை.

பிரான்சிலிருந்து திரும்பியவர்கள் தெருவுக்குச் சென்ட்டும் பென்ஷனும் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரர் மாதிரி 'முசே', அதாவது ஐயா, என்று தெருவே கூப்பிட்ட நீங்கள் கொண்டுவந்தது ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர் நிரப்பி, மண்டபத்தூர் மீனவர் ஒருவர் வலையில் சிக்கியதென்று தந்த பவளக்கல்லை அதில் வைத்தீர்கள். "வீட்டுல பேச ஆளில்லாம மனுசன் கல்லோட பேசுறாரு" என்று டீக்கடையில் கிளப்பிவிட்டவன் நான்தான்.

"கல்லு இல்ல சார், உசுரு. தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத்தான் வளருது" என்றீர்கள்.

"வெத்தலை வேணாமா அதுக்கு?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பிறகு அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தீர்கள். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, சிவப்புப் பொடி போட்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ரோஸ் நிறம் நீலமாக எத்தனை சொட்டு ஆகிறதோ அவ்வளவு சுண்ணாம்பு. சீக்கிரம் நீலமானால் சுண்ணாம்பு குறைவு.

பென்ஷன் காகிதத்துக்காக நான்கு நாள் புதுச்சேரி போனீர்கள். "மூணு வருசத்துல இப்பதான் ஒரு மொட்டு விட்டிருக்கு, பாத்துக்கங்க. தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணிய மட்டும், கொஞ்சங் கொஞ்சமா" என்று சாவியைக் கொடுத்தீர்கள்.

முதல் நாளே உங்கள் சுண்ணாம்புப் புட்டியைக் கை தவறி உடைத்தேன். அதனாலென்ன, எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கக் கரைத்த வாளி இருந்தது. மேலே தெளிந்ததை மொண்டு ஊற்றினேன். தொட்டித் தண்ணீர் லேசாக நீலமானது. கடலென்றால் அப்படித்தானே என்று பெருமைப்பட்டேன். மறுநாள் சோதித்தால், முதல் சொட்டிலேயே நீலம்! ஐயோ, சுண்ணாம்பே இல்லை என்று ஒரு சொம்பு நிறைய ஊற்றினேன். அதற்கடுத்த நாளும் அதே நீலம், இன்னும் ஒரு சொம்பு.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அடக் கடவுளே, சுவரு பளிச்சுனு இருக்கட்டும்னு அதுல சொட்டு நீலம் கலந்து வச்சிருந்தேங்க!" என்றாள்.

அதற்குள் தொட்டி கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது. கல் சுருங்கி வெளுத்தது. மொட்டு உதிர்ந்து அடியில் கிடந்தது.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். "தெரியலீங்க, நீங்க சொன்ன மாதிரிதான் ஊத்தினேன்" என்றேன். தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். தெருவில் விசாரித்தவர்களிடம், "நான்தான் அளவு தப்பாச் சொல்லிட்டுப் போயிட்டேன்" என்றீர்கள்.

அதைக் கைகால் வைத்து டீக்கடைக்குக் கொண்டுபோனதும் நான்தான். தப்பாகப் போகிற எந்தக் கணக்குக்கும் "முசே கணக்கு" என்று பெயர் வைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீங்கள் வேறு கல் வைக்கவில்லை.

நீங்கள் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நேற்றுகூட ஒருவன் சொன்னான். கடை முழுக்கச் சிரித்தது. திருத்தத்தான் வாயெடுத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அடுத்து ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறேன் என்று.