லாரி போட்ட காய்

இன்று மதியம் ஒன்பதாம் வகுப்புப் பக்கமிருந்து சந்தன முகப் பவுடர் மணம் வந்தது. எட்டிப் பார்த்தேன். நான்கு பெண்கள் கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்து பவுடர் டப்பாவைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். போரிக் பவுடர் தீர்ந்துபோயிற்றாம். தலைமையாசிரியையான என்னைக் கண்டதும் ஒருத்தி டப்பாவைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். "கொஞ்சமாப் போடுங்க, ஜாஸ்தியானா ஸ்டிரைக்கர் ஒட்டும்" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது என் வார்த்தையல்ல, உன்னுடையது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நீ கோபித்துக்கொண்டிருக்க மாட்டாய். "கணக்கு என்னிக்கு மேடையில பேசிச்சு?" என்று சிரித்திருப்பாய். என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை.

திருவொற்றியூர்ப் பள்ளியில் நான் சேர்ந்தது இரண்டாயிரம் பிறந்த சமயம். எம்.எஸ்ஸி., பி.எட். இரண்டும் கையில் இருந்தன. நீ அங்கே ஏற்கெனவே உடற்கல்வி ஆசிரியை. மைதானமே இல்லாத பள்ளிக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியை! வாசலை ஒட்டி எண்ணூர் போகும் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் கரும்பலகை அதிரும், நான் பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டிருப்பேன். நீ வராந்தாவில் பழைய கேரம் போர்டு ஒன்றைப் போட்டு, உன் கைப்பையிலிருந்த முகப் பவுடரைத் தூவிப் பெண்களை ஆடவிட்டிருந்தாய்.

எல்லாப் பள்ளிகளையும் போல அங்கும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவது வழக்கம். கடன் என்பது மரியாதைக்குச் சொல்வது. திருப்பித் தந்தவர் யாருமில்லை. நானும் கேட்டேன்.

"எடுத்துக்கோ கணக்கு. ஆனா மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து நீ ஒரு ஆட்டம் ஆடணும்."

"எனக்குக் கேரம் தெரியாதே."

"அதான் வேணும். தெரியாத டீச்சர் எப்டி முழிக்கிறா, எப்டிக் கத்துக்கிறான்னு பொண்ணுங்க பாக்கட்டும்."

இதெல்லாம் நாடகம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாடத்தை முடிக்கவேண்டிய அவசரம் எனக்கு. ஒப்புக்கொண்டேன். எனக்குக் கற்றுத்தர நீ தேர்ந்தெடுத்தது கஸ்தூரியை. ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். வகுப்பில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பரீட்சைத் தாளும் அவளைப் போலவே பேசாமல் இருக்கும். ஏன் அவள் என்று கேட்டேன். "அவளுக்குக் கை வரும், வாய் வராது. உனக்கு நேர்மாறா" என்றாய்.

முதல் நாட்களில் என் விரலைப் பிடித்துத் திருத்துவாள், அவ்வளவுதான். பிறகு ஒற்றைச் சொற்கள் வந்தன. "மெதுவா." "அங்க இல்ல." "வெரலு வெறைக்காதீங்க மிஸ்." சுற்றி நிற்கும் பெண்கள் நான் தோற்பதைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அப்படி ஒரு மதியம் கஸ்தூரியின் அம்மா வந்து நின்றார். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு நேரே உன்னிடம் வந்தார்.

"வூட்டுக்காரருக்குப் போட்ல கயிறு மாட்டி கை முறிஞ்சிட்ச்சு மிஸ்ஸு. நாளைலேர்ந்து இவள எறா உரிக்கிற கம்பெனிக்கு அனுப்பப் போறேன். டிசி குடுத்துருங்க."

"இரு அக்கா, ஆட்டம் முடியட்டும்" என்றாய் நீ.

கஸ்தூரிக்கு அது காதில் விழுந்தது. தலை நிமிரவில்லை. என்னுடைய கறுப்புக் காய் ஒன்று குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அந்நேரம் ஒரு லாரி போயிற்று. தரை அதிர்ந்தது, காய் குழியில் விழுந்தது. நான் அதை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"மிஸ், அத எடுத்து வைங்க."

"விழுந்திடுச்சே கஸ்தூரி."

"நீங்க போடல. லாரி போட்டுச்சு. செல்லாது."

"குழியில விழுந்தா விழுந்ததுதானே?"

"மிஸ்ஸு கள்ளாட்டம்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"யாரு ஆடுனா இன்னா மிஸ்? எங்க இருந்துச்சோ அங்கியே வைங்க. பி.டி. மிஸ் ரூல்ஸு அது." கஸ்தூரியின் குரல் கணீரென்று இருந்தது.

அவள் அம்மா வாயில் கை வைத்தார். "அடிப் பாவி, டீச்சராண்டயே மல்லுக்கு நிக்கிறா பாரேன்! வூட்ல இன்னாடின்னு கேட்டா ஒரு வார்த்த வராது."

நீ அவர் பக்கம் திரும்பினாய். "கேட்டியாக்கா? லாரி போட்ட காய் இங்க செல்லாது. உன் வூட்டுக்காரரு கைய இவளா முறிச்சா? அதுக்கு இவ ஏன் வுழணும்? எடுத்து வையிக்கா."

"பேச்சு சோக்காதான் கீது. அடுப்ப யாரு பத்த வெக்கிறது?"

எனக்கு அந்த அம்மா கேட்டதுதான் சரியாகப் பட்டது. ஆனாலும் நீ அவரை விடவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே யோசித்தாய். சனி, ஞாயிறு மட்டும் கம்பெனிக்குப் போகட்டும், அங்கே சூப்பர்வைசரிடம் நானே வந்து பேசுகிறேன், முழுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம், அப்புறமும் கேட்டால் டிசியை நானே வாங்கித் தருகிறேன் என்றாய். அவர் போர்டைத் திரும்பிப் பார்த்தார். இதற்குள் கஸ்தூரி என் காயை எடுத்து விளிம்பில் பழையபடி வைத்துவிட்டிருந்தாள்.

"சரி, முழுப் பரிச்ச வரிக்கும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பரீட்சைக்குப் பிறகு டிசி கேட்டு வரவில்லை.

கேரம் ஆடியதால் அவளுக்குக் கணக்கு வந்தது என்று நான் எழுதமாட்டேன். அதை நீயும் நம்பியதில்லை. பத்தாவதில் கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். திங்கட்கிழமைகளில், இரண்டு நாள் எறா உரித்து ஐஸ் தின்ற விரல்களால் பேனா பிடிக்கச் சிரமப்பட்டாள். ஆனால் அந்த மதியத்துக்கு அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று, "மூணாவது வரில இன்னா பண்ணீங்கன்னு புரியல மிஸ்" என்றாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தெரிந்தால் இந்த மடல் இன்னும் நன்றாக முடியும். தெரியாததைச் சேர்த்து எழுத எனக்கு வராது.

திறன் மேம்பாடு என்று இப்போது பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. திரையில் அம்புக்குறிகள் ஓடுகின்றன. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த வார்த்தையை நீ ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று பவுடர் மணத்தோடு அறைக்குத் திரும்பியபோது வகுப்பாசிரியை காத்திருந்தார். வள்ளூரிலிருந்து வரும் பெண் ஒருத்தியைச் சில நாட்களாகக் காணோம். "தானா நின்னுட்டா மேடம்" என்றார். தானாக விழுந்த காயை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டேன்.

பள்ளி விட்டதும் பஸ் பிடிக்கவேண்டும். அங்கேயும் ஓர் அம்மா அடுப்பைப் பற்றிக் கேட்பார். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. பேசிக்கொண்டேதான் யோசிக்கவேண்டும். மேடையில்தான் எனக்குப் பேச வராது. பெஞ்சிலோ தரையிலோ, அவர் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தால் போதும்.