பதினோரு கையெழுத்து

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம். என்னைத் திட்டுகிற குரலில் எந்தக் குறைவும் இல்லை. போனை மறுபடியும் ஏரிக்குள் விட்டுவிட்டேன், ஆகையால் கடிதம்.

அம்மா முந்திக்கொள்வதற்குள் என் அசட்டுத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் சுற்றுலாத் துறை நேற்று இங்கே கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. படகோட்டிகள் சங்கச் செயலாளர் என்ற மிடுக்கில் வாசலிலேயே காத்திருந்தேன். காரிலிருந்து இறங்கிய வெள்ளைச் சட்டைக்காரரைக் கும்பிட்டு, படகுத்துறைப் படி உடைந்தது முதல் கழிப்பறை இல்லாதது வரை பத்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். அவர் டிரைவர். "ஐயா பின்னாடி வர்றாருங்க" என்றார். இருந்தாலும் நேற்று நான் சொன்னதை முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஐயாவுக்கு உன் வயசுதான் இருக்கும். சுவரில் படம் காட்டினார். நடைபாதை, கண்ணாடிச் சாப்பாட்டுக்கடை, விசைப்படகு. நான் படகு கட்டுகிற இடத்தில் ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திட்டக்குழுவில் உன் பெயரும் இருந்ததால், அருமையான படம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

கடைசியில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். முப்பத்தொன்பது படகுக்காரர்களில் இருபத்தெட்டுப் பேர்தான் வந்திருந்தோம், மற்றவர்கள் சவாரியில். பக்கம் நிறையவில்லையென்று ஐயாவின் முகம் வாடிப்போயிற்று. பாவமாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது மீதிப் பதினொன்றையும் நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். நம் பக்கத்துப் படகுக்காரன் கரடிக்குப் போடும்போது கையைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன், அவன் அப்படித்தான் போடுவான். நீச்சல் சொல்லித்தருகிறேன் என்று உன்னைத் தண்ணீரில் தூக்கிப் போட்டவன், மறந்திருக்கமாட்டாய்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பா,

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். அம்மாவின் போனில் இதைப் பேசப் பயமாக இருக்கிறது.

பதிவேடு என்றுதான் உங்களிடம் நீட்டியிருப்பார்கள். இங்கே வந்தபோது அதற்கு மேலே ஒரு தாள் சேர்ந்திருந்தது: "இடத்தைக் காலிசெய்ய முழுச் சம்மதம்." சரிபார்க்க என் மேசைக்குத்தான் வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பதினோரு பேரும் கடைசி எழுத்துக்கு ஒரே மாதிரி வால் வைத்திருந்தார்கள். அந்த வாலைப் பழகித்தான் நான் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்தைப் போட்டேன்.

திருப்பி அனுப்பியிருந்தால் திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். மேலிடத்தில் திறப்புவிழாவுக்கே தேதி குறித்தாயிற்று. படகுக்காரர்களுக்கு மாற்று இடம் என்று திட்ட அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன், அதை நம்பினேன். "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறுதி அறிக்கையில் அந்தப் பக்கத்தையே காணோம்.

இருபத்தாறாம் தேதி புல்டோசர் வரும், போலீசும் வரும். அதற்கு முன் படகை ஏற்றிக்கொண்டு நீங்களும் அம்மாவும் எங்கேயாவது போய்விடுங்கள். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படுங்கள், ஆனால் போய்விடுங்கள்.

உங்கள் பாப்பா


மார்ச் 29

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தபால்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, மூன்று நாளாகத் தெருவை அடைத்துவைத்திருந்தார்கள்.

எனக்குத் தாடையில் ஏழு தையல். "வாயைத் தச்சுட்டாங்க, இனிமே வீடு நிம்மதி"ங்கிறாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய் அழுகிறாள்.

இருபத்தாறாம் தேதி காலை ஏழு மணிக்குப் புல்டோசர் கரையில் இறங்கியது. படகு உடைந்தால் முழங்கால் முறிகிற சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வரிசையாக ஏழு. ஏழாவது என்னுடையது. எட்டாவது கரடியுடையது. அவன் துடுப்போடு குறுக்கே போய் நின்றான்.

"எவன்டா எடுக்கச் சொன்னது?"

கூட்டம் போட்ட அதே ஐயா கோப்பைத் திறந்து காட்டினார். "நீங்கதானே சம்மதிச்சு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பாருங்க."

"அன்னிக்கு நான் ஏரியில இருந்தேன். இது என் கையெழுத்தே இல்ல."

"பொய் சொல்லாதீங்க பெரியவரே. ஆபீஸ்ல சரிபார்த்திருக்காங்க."

பொய் என்றதும்தான் கரடி அடித்தான். துடுப்பு அந்தப் பிள்ளையின் காதோடு சேர்த்து இறங்கியது. கோப்பெல்லாம் ரத்தம். அப்புறம் போலீஸ், ஆறு பேர். கரடி விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி, லத்தி நுனியால் முகத்தில் குத்தினார்கள். பல் தெறித்ததைப் பார்த்தேன். நான் போய் அவன்மேல் விழுந்தேன். வீரம் என்று நினைத்துவிடாதே, பாதி கால் தடுக்கியது. அப்போதுதான் என் தாடை போனது.

கரடிக்கு இடது கண் இல்லை. ஐயாவுக்கு ஒரு காது கேட்காதாம். கரடிமேல் கொலை முயற்சி வழக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் எட்டாம் தேதி விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பா,

காது போனவர் என் பக்கத்து மேசைக்காரர். அவரும் நான் சரிபார்த்துப் போட்ட கையெழுத்தை நம்பித்தான் வந்தார்.

நீங்கள் உண்மையைச் சொன்னால் மிச்சமிருக்கிற படகுகள் தப்பும், கரடி மாமா வழக்கும் தளரும். எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவர்களுடைய அடுத்த கேள்வி, யார் சரிபார்த்தது என்பதுதான். வேலை போவதோடு முடியாது அப்பா, ஜெயில். கெஞ்சிக் கேட்கிறேன். தையல் போட்டிருக்கிறது, பேச முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடியே, பேச முடியாது என்று சைகை காட்டினேன். பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்த கேடு.

பதினொன்றும் நான் போட்டது என்று எழுதினேன். நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார்கள். அங்கேயே உட்கார்ந்து பதினொன்றையும் போட்டேன். கரையில் வேலையை நிறுத்திவைக்க உத்தரவாகிவிட்டது. என்மேல் வழக்கு, அது கிடக்கட்டும்.

"சரிபார்த்தவங்க உங்க பொண்ணாமே. அப்பா கையெழுத்து அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி. "என் எழுத்தை அவள் பார்த்துப் பல வருடம் ஆகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். உன்னையும் கூப்பிடுவார்கள். நீ அங்கே என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. உன் கடிதங்களை எரித்துவிட்டேன். என்னுடையவற்றை நீ எரித்துவிடு. இனி என் எழுத்து உன் வீட்டில் இருக்கக்கூடாது, அதனால் நான் எழுதமாட்டேன். அம்மாவிடம் பேசிக்கொள்.

திரும்புகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவலுக்கிருந்த போலீஸ்காரர் ஐந்து நிமிடம் விட்டார். கரடிக்கு இன்னும் விஷயம் தெரியாது. விலங்கில்லாத கையால் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீ மேல விழலன்னா என்னைக் கொன்னே போட்டிருப்பானுங்கடா" என்றான். "என் பேருல கையெழுத்துப் போட்ட நாய் மட்டும் கையில கெடைக்கட்டும், வெரல் வெரலா ஒடிக்கிறேன். நீ படிச்சவன், யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு."

முயன்றால் இப்போது இரண்டு வார்த்தை பேச வருகிறது. "தண்ணி வேணுமா" என்றேன். "நான்தான்டா" என்று சொல்லவில்லை.

அப்பா