ஆவணிக்கு எடுத்து வைக்கச் சொன்ன பெயர்

அக்கா,

நேற்று ஷெட்டின் மூலையில், களிமண் சாக்குகளுக்குப் பின்னால், நம் யானை விளக்கு ஒன்று கிடைத்தது. ஒரு காது உடைந்து, முதுகெல்லாம் பல்லி எச்சம். துடைத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நம் வெப்சைட் பெயர், ஓர் எழுத்துகூடத் தேயாமல் இருந்தது. நீங்கள் சாணைக்கல்லில் தேய்த்துத் தள்ளிய கூட்டத்திலிருந்து இது மட்டும் எப்படித் தப்பியதோ. சும்மா இருக்காமல் அந்தப் பெயரைப் போனில் அடித்தேன். ரம்மி ஆட வரச்சொல்லி ஒருத்தி கண்ணடிக்கிறாள். அவள் தலைக்கு மேல் உங்கள் மகள் பெயரையும் என் மகள் பெயரையும் சேர்த்து நாம் வைத்த பெயர். போனைக் கழுவ முடியாது என்பதால் கையைக் கழுவினேன்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம், நீங்கள் மூத்தவர், நான் இளையவள். செராமிக் பேட்டையில் ஷெட் மாமனார் பெயரில். கரண்ட் கனெக்‌ஷன் உங்கள் வீட்டுக்காரர் பெயரில். களிமண் பில் என் வீட்டுக்காரர் பெயரில். யானையைச் செய்தது மட்டும் நீங்கள்.

அந்த யானையைச் சென்னைக் கண்காட்சியில் வேறொருவன் கடையில் பார்த்தீர்கள். நம்மிடம் சரக்கு எடுக்கும் வியாபாரிதான், அடியில் தன் ஸ்டிக்கரை ஒட்டி, "எங்க சொந்தத் தயாரிப்பு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்து இரண்டு நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "ஒட்டுறது உரிஞ்சிடும்டி. அச்சுலயே வெட்டிப்புடலாம். அழிக்கணும்னா யானைய ஒடச்சாத்தான் உண்டு" என்றீர்கள். என்ன வெட்டுவது என்றதற்கும் பதில் வைத்திருந்தீர்கள். கண்காட்சியில் யாரோ ஒரு அம்மா, "உங்களுக்கு வெப்சைட் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

பிரவுசிங் சென்டர் தெருவுக்கு ஒன்று முளைத்திருந்த காலம். கம்ப்யூட்டர் கிளாஸ் போன ஒரே மருமகள் என்று என்னை இழுத்துக்கொண்டு கடைத்தெரு சென்டருக்குப் போனீர்கள். அந்த இடத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அழுக்குத் திரை தொங்கும் தடுப்புகள். விரலில் பிசுபிசுக்கும் கீபோர்டு. சென்டர்காரன் வாய் நிறையப் பாக்கோடு பேசினான், பேச்சுக்கு நடுவே மேசைக்கடியில் ஒரு டப்பாவில் துப்பினான். பெயரை அடித்துப் பார்த்து, "காலியாத்தான் இருக்குது. இப்பவே வாங்கிடலாம்" என்றான்.

ஆடி பிறந்து அன்று நான்காம் நாள்.

"ஆடியில பேரு வாங்குவாங்களா? ஆவணி மொத வெள்ளிக்கெழம வரோம்" என்றீர்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஜவுளிக்கடையில் பிடித்த புடவையைச் சொல்லி வைத்துவிட்டு வருவோமே, அதேபோல, "இத எங்களுக்கு எடுத்து வைங்க, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றீர்கள். பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அவன் கையில் கொடுத்தீர்கள். பெயர் யார் முதலில் பணம் கட்டுகிறார்களோ அவர்களுக்குப் போய்விடும் என்று கிளாஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல நாள் விஷயத்தில் மூத்தவளை மறுத்துப் பேசினாள் என்று வீட்டில் பேச்சு வருமே என்ற பயம். அந்தப் பயத்தை நினைத்தால் அவன் துப்பல் டப்பாவைவிட என் மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு வருகிறது.

ஆனால் அச்சு ஆவணிவரை காத்திருக்காது. கார்த்திகைக்குச் சரக்கு போக வேண்டும் என்றால் ஆடியிலேயே ஊற்றியாக வேண்டும். அது பழைய வேலை, அதற்கு நாள் பார்க்க வேண்டாம் என்பது உங்கள் கணக்கு. கண்ணாடியில் தெரிவதுபோல் நான் எழுத்தைத் திருப்பி எழுதிக் கொடுக்க, நீங்கள் பிளாஸ்டர் அச்சில் ஆணியால் வெட்டினீர்கள். சூளையிலிருந்து முதல் யானை வந்ததும் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தீர்கள். நான்கைந்து பெட்டி அப்போதே வெளியூருக்குப் போய்விட்டது.

ஆவணி முதல் வெள்ளி, நல்ல நேரத்தில், வெற்றிலை பாக்கோடு போனோம். அவன் சிரித்தான்.

"நீங்கதான எடுத்து வைக்கச் சொன்னீங்க? எம் பேர்ல எடுத்து வச்சிருக்கேன். மேல கொஞ்சம் போட்டுக் குடுத்தா மாத்தித் தரேன்."

அவன் சொன்ன விலை பத்து மடங்கு. நம் மஞ்சள் தாள் அவன் மேசையில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று நான் உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் வெற்றிலைத் தட்டைத் திரும்பக் கையில் எடுத்தீர்கள். "எச்சப் பண்ணிட்டான்டி. அத வாங்கி எம் பொண்ணுங்களுக்கா வைக்கிறது? வா" என்றீர்கள்.

வெயிலில் ஜங்ஷன் பக்கம்வரை நடந்தோம். அங்கே ஒரு பெண் சின்னதாகச் சென்டர் வைத்திருந்தாள். நான் மணியைப் பார்த்தேன், பத்தே முக்கால். "அக்கா, ராகுகாலங்க." நகம் வெட்டக்கூடக் காலண்டரைப் பார்க்கும் நீங்கள், "இருக்கட்டும். இப்பவே எடு" என்றீர்கள்.

என்ன பெயர் என்று அந்தப் பெண் கேட்டாள். நீங்கள் யோசிக்கவே இல்லை, உங்கள் சொந்தப் பெயரைச் சொன்னீர்கள். அது காலியாக இருந்தது. அடுத்து, யார் பேரில் பதிவது என்று கேட்டாள். அப்போதுதான் தடுமாறினீர்கள். பழக்கதோஷத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எம் பேர்லயே போடும்மா" என்றீர்கள். ரசீதை மடிக்காமல் வீடுவரை கையிலேயே கொண்டுவந்தீர்கள்.

அதற்கப்புறம் மிச்சமிருந்த யானைகளின் அடியைத் தேய்க்க உட்கார்ந்தீர்கள். புது அச்சில் புதுப் பெயரை வெட்டினோம். கார்த்திகைக்கு முன்பு அந்தப் பழைய பெயரைத் தட்டிப் பார்த்தால், ஸ்டிக்கர் ஒட்டிய அதே வியாபாரியின் கடை திறந்தது. சென்டர்காரன் அவனுக்கு விற்றிருந்தான். முன்பே போன பெட்டிகளில், அவன் கடைக்கு வழியை நாமே எழுதிச் சுட்டு அனுப்பியிருந்தோம். அந்த வியாபாரியும் எப்போதோ அந்தப் பெயரைக் கைவிட்டிருக்கிறான். இப்போது ரம்மிக்காரி நிற்கிறாள்.

நீங்கள் போய் மூன்று வருடம். இன்று காலை உங்கள் பெயருக்கு மெயில் வந்தது. வருடா வருடம் ஆடிக் கடைசியில் வருமே, அதுதான். வணக்கம் சொல்லி, உங்கள் பெயர் காலாவதியாகப் போகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்கிறது. நம் சூளை அணைந்து எவ்வளவோ நாளாகிறது. உங்கள் வெப்சைட்டில் யானைப் படம் ஒன்றும் உங்கள் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன. "போய்ச் சேந்தவங்க பேருக்கு எதுக்கு வருசா வருசம் கட்டுற? விட்டுடு" என்றார் என் வீட்டுக்காரர்.

நேற்றுப் பார்த்த பக்கத்தைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தேன். "விட்ட பேரு இங்க இருக்குது, பாருங்க." மேலே இருந்த பெயரைப் படித்தார். அதில் பாதி அவர் மகளின் பெயர். போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

இன்று வெள்ளிக்கிழமை அக்கா. ஆடி இன்னும் முடியவில்லை. பத்தரை ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்து, ராகுகாலம் பிறந்ததும் கட்டினேன். இந்த முறை பத்து வருடத்துக்கு.