மகன் மாட்டிய கேமரா

நவம்பர் 10, திங்கள்

விடியும் முன்பே மழை. ஆற்றில் செம்மண் தண்ணீர். மூன்று நாள் துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர நாற்றம்.

பத்து மணி வாக்கில் பாளையங்கோட்டையிலிருந்து கேமரா மாட்ட ஒரு ஆள். மகன் சாமுவின் ஏற்பாடு, மஸ்கட்டில் இருந்துகொண்டே. ஊரில் திருட்டு பயமாம். அப்பா அம்மாவை எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். நேரில் வந்து பார்க்க மட்டும் லீவு கிடைக்காது.

வாசலில் மாட்டு என்றேன். திருடன் அங்கேதானே வருவான்.

"இல்லம்மா, ஒங்க மவன் ஹால்லதான் மாட்டச் சொன்னாவ."

திருடர் யாரென்று அப்போது புரிந்தது. நானும் வீட்டுக்காரரும்தான்.

டி.வி.க்கு மேலே சுவர்த் தட்டில் வைத்திருக்கிறான். வெள்ளை உருண்டை. ஆந்தை மாதிரி கழுத்தைத் திருப்புகிறது. ஒரு நீல விளக்கு. பிடுங்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்காரர் உடனே சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவி, பேப்பரை விரித்து உட்கார்ந்தார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இவர் வீட்டுக்குள் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

"என்ன கோலம் இது" என்றேன்.

"ஏட்டி, மவன் பாக்காம்லா."

பேப்பர் நேற்றையது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தங்கம் வந்தாள். புருஷன் இல்லாதவள், ஒரே மகள் லில்லி. ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் டேனியலுக்குக் கட்டிக்கொடுத்தது. அடி பொறுக்காமல் லில்லி தாய் வீட்டுக்கு வந்து மாசங்கள் ஆகின்றன. கையில் இன்னும் தழும்பு. இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காலையில் பஸ். போய்ச் சேர்கிற வரை யாருக்கும் தெரியக் கூடாது. டேனியலுக்குத் தெரிந்தால் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

"ஒங்களுக்கு மட்டுந்தான் சொல்லுதேன் யக்கா. ஜெபத்துல வச்சுக்கிடுங்க."

எங்கள் சபையில் எந்தப் பெண்ணும் கஷ்டத்தைச் சொல்லி அப்படித்தான் முடிப்பாள். என்னிடம் வந்துதான் சொல்வார்கள். எனக்கு வாய் நீளம் என்று பேர், அது வாஸ்தவமும்தான். ஆனால் ஜெபத்துக்கென்று சொன்னதை நான் ஆண்டவரைத் தவிர யாரிடமும் கொண்டுபோனது கிடையாது.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், கற்பூரவள்ளி மிட்டாய் (இவருக்கு இருமல்), நைட்டி ஒன்று. வீட்டில் பழைய நைட்டியோடு இனி நடக்க முடியாதே.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். கோழி கூவும்போது எழுந்து ஹாலில் வழக்கமான இடத்தில் ஜெபம். பிரம்பு நாற்காலிக்கு முன்னால், வாய்விட்டு. மனசுக்குள் ஜெபித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். லில்லிக்காக அழுது கேட்டேன். வெள்ளிக்கிழமை பஸ், கோயம்புத்தூர், லேப் வேலை, டேனியல் கண்ணில் படாமல் அவள் போய்ச் சேர வேண்டியது, எல்லாம். ஆண்டவருக்குத் தெரியாததையா சொல்லுகிறாய் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். தெரியும்தான். விவரமாகச் சொன்னால்தான் எனக்குச் சமாதானம்.

மத்தியானம் ஹாலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம். ஆண்டவர்தான் கூப்பிடுகிறார் என்று முழங்கால் மடங்கிவிட்டது. பார்த்தால் சாமு.

"அம்மா, வாசக்கதவு தொறந்து கெடக்கு பாருங்க."

அரிசி பாதி தரையில். கண் வைத்திருக்கிறான், வாயும் வைத்திருக்கிறான். ஒரு வாய்க் காப்பி போட்டுத் தர மட்டும் அதற்குக் கையில்லை.

நாலு மணிக்கு மேலத்தெருவில் ஒரு சாவு வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில், அதனால் லைவ். பெட்டியின் தலைமாட்டில் ஒரு பையன் கேமராவோடு நின்றுகொண்டு, மாரடித்து அழுகிற தங்கச்சிக்காரியிடம், "கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்கம்மா, மொகம் மறைக்கி" என்கிறான். அவளும் தள்ளி நின்று அழுதாள். போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பூப் படமும் கை கூப்பிய படமுமாக அனுப்பினார்களாம். பெட்டியைத் தூக்க ஆள் பற்றவில்லை, பந்தல்காரனைக் கூப்பிட்டார்கள்.

நவம்பர் 12, புதன்

கனத்த மழை. பின்கட்டில் ஒழுகல்.

காலை ஜெபம் முடித்து, இட்லி ஊற்றி, எல்லாம் ஆன பிறகு மருமகள் ஷீபா போன். இவளாகப் பேசுவது கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். இன்று என்ன என்று நினைத்தேன்.

"அத்தே, ஒங்க ஜெபத்தைக் கேட்டா அப்படியே அழுகை வருது."

"எந்த ஜெபத்தை?"

"தெனமும் ஹால்ல ஜெபிக்கீங்கல்லா. அது எல்லாம் பதிவாயிரும் அத்தே. நேத்தும் இன்னைக்கும் நாங்க எந்திச்சு காப்பி குடிக்கையில போட்டுக் கேட்டோம்."

கண்ணும் வாயும் இருக்கிற சனியனுக்குக் காது இருக்கும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை. மாட்டின ஆளும் சொல்லவில்லை, பெற்ற மகனும் சொல்லவில்லை.

"பாவம் அந்த லில்லி" என்கிறாள். "நானும் எங்க ஜெபக்குழுவுல போட்டிருக்கேன்."

"போட்டிருக்கேன்னா?"

"வாட்ஸ்அப்புல அத்தே. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போற சகோதரி லில்லியோட பிரயாணத்துக்காக ஜெபிங்கன்னு. பேரும் ஊரும் போட்டாத்தானே பாரத்தோட ஜெபிப்பாவ."

"குழுவுல யாரு யாரு இருக்காவ?"

"எல்லாம் எங்க ஏரல் ஆளுவதான்."

டேனியல் கடை வைத்திருக்கிற ஏரல். இவள் பிறந்த ஏரல். பாரத்தோடு ஜெபிக்கிறார்களாம். கடைத்தெருவில் தண்டோரா போட்டிருந்தால்கூட நாலு பேர் காதில் விழாமல் போயிருக்கும்.

போனை வைத்துவிட்டுத் தங்கம் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. போன் அடித்தேன், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்தே மணி கேட்டது. வெளியே போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள் இந்த ஊரில் அவள்தான். மற்ற நாளென்றால் மெச்சியிருப்பேன். எதிர்வீட்டுக்காரி சொன்னாள், லில்லிக்குப் பை வாங்கப் பாளையங்கோட்டை போயிருக்கிறார்கள், தங்கத்தின் அக்காள் வீட்டில் தங்கிக் காலையில்தான் வருவார்கள். அக்காள் நம்பர் அவளுக்கும் தெரியவில்லை.

சாயங்கால ஜெபம் பின்கட்டில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே. முணுமுணுப்பாக. என் வீட்டில் நானே ஒளிந்துகொண்டு.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டிருந்தது. காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் காத்து நின்றேன். பதினோரு மணி பஸ்ஸில் தங்கமும் லில்லியும் இறங்கினார்கள், கையில் புதுப் பை. நான் வாயைத் திறக்கும் முன்னால் பின்னாலேயே ஒரு கார். டேனியல். கூடவே எங்கள் சபை மூப்பர் அண்ணாச்சி. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். தங்கத்துக்கு அவர் சொன்னால் வேதவாக்கு.

டேனியல் அந்தப் பையைப் பார்த்துச் சிரித்தான். "நாளைக்குக் கோயம்புத்தூர் பிரயாணமாமே."

தங்கம் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"யாருட்ட யக்கா சொன்னீய?"

"ஆண்டவர்ட்ட மட்டுந்தான் சொன்னேன் தங்கம்."

உண்மை அதுதான். சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. கேமராவையும் ஷீபாவையும் பற்றி நடந்துகொண்டே சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியாது.

புருஷன் பெண்டாட்டி வழக்கை இரண்டு பேர் வீட்டிலும் வைத்துப் பேசக் கூடாது, பொதுவான வீட்டில்தான் பேச வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். "கண்டக்டர் வீட்டுல வச்சுப் பேசிருவோம்" என்றார் மூப்பர். எல்லோரும் எங்கள் ஹாலில். வீட்டுக்காரர் சட்டையோடு தயாராக இருந்தார்.

டேனியல் உள்ளே வந்ததுமே டி.வி.க்கு மேலே கேமராவைப் பார்த்துவிட்டான். கடையில் அதே மாதிரி நாலு வைத்திருக்கிறவன். அதன் பிறகு அவன் வாயிலிருந்து தேனும் பாலும்.

"லில்லிம்மா, ஒனக்கு என்ன கொறை வச்சேன்? வேலைக்குத்தானே போணும், நம்ம கடையில வந்து உக்காரு. ஒன்ன மகாராணி மாதிரி வச்சிருப்பேன்."

லில்லி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"பாத்தியா தங்கம்" என்றார் மூப்பர். "எவ்வளவு பதமாப் பேசுதாரு. கோவத்துல என்னைக்கோ கை நீட்டியிருப்பாரு. அனுப்பி வைம்மா."

தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சரி என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் தேயிலைத் தண்ணி போட அடுப்படிக்குப் போனேன். கதவிடுக்கில் பார்த்தேன். ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் அவன் கண் மேலே நீல விளக்குக்குப் போய்விட்டு வந்தது. மஸ்கட்டில் என் மகனும் மருமகளும் பார்க்க, ஒரு நல்ல புருஷனாக நடித்துக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டியிடம் பேசவே இல்லை, ஆந்தையிடம் பேசுகிறான்.

தேயிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். டி.வி. பக்கம் போனேன். ஒயரைப் பிடுங்கினேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, எதற்கென்றும் சொல்லவில்லை.

விளக்கு அணைந்ததை அவன் பார்த்தான்.

"ஆஃப் ஆயிட்டா அத்தே?"

"ஆயிட்டு."

தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். லில்லி அப்போதுதான் முதல் முதலாகப் பேசினாள், பைய.

"நான் வரல."

தம்ளரைக் கீழே வைக்கவில்லை, எறிந்தான். "எந்திட்டி நாயே. இத்தன பேரு முன்னால எங்கிட்ட வரமாட்டேம்பியா. இப்ப எந்திக்கியா, பல்ல ஒடைக்கட்டுமா. அப்பன் இல்லாத வீடு, எவன் இருக்கான் என்னக் கேக்க." அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிய முறுக்கில் வளையல் நொறுங்கியது. அவள் கத்தவே இல்லை. பழக்கம் போலிருக்கிறது.

மூப்பர் அண்ணாச்சி பைய எழுந்தார். அவர் வேட்டியில் தேயிலை.

"கைய எடும்வே."

"நீரு சும்மா இரியும் அண்ணாச்சி. நீருதானே கெட்டிவச்சீரு."

"கெட்டிவச்சது நாந்தான். அதான் சொல்லுதேன். கைய எடும்."

வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்க் கதவை அகலத் திறந்துவைத்து, டிக்கெட் எடுக்காதவனிடம் சொல்லுகிற அதே குரலில், "எறங்கும்வே" என்றார். தெருவில் ஆள் கூடிவிட்டது. டேனியல் இறங்கினான். காரில் ஏறும்போது மூப்பரை ஏதோ கெட்ட வார்த்தை. அதையும் தெருவே கேட்டது.

கண்ணாடி வளையல் தூள் இன்னும் தரையில். இரண்டு தடவை பெருக்கியும் காலில் குத்துகிறது.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

லில்லி காலைப் பஸ்ஸில் போனாள். மூப்பர் அண்ணாச்சியே திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். தங்கம் என்னைக் கூப்பிடவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

சாமு ராத்திரியிலிருந்து போன் அடித்திருக்கிறான். காலையில்தான் எடுத்தேன்.

"அம்மா, கேமரா வேல செய்யலன்னு காட்டுது. ரிப்பேரா?"

"ரிப்பேரில்லலே. நான் புடுங்கிப் போட்டேன்."

"ஏம்மா? ஒங்க பாதுகாப்புக்குத்தானே."

"எங்க பாதுகாப்பு கெடக்கட்டும். ஒம் பொண்டாட்டிக்குக் காப்பி குடிக்கையில கேக்க வேற ஏதாவது வாங்கிக் குடு."

பின்னாலிருந்து ஷீபா அழுகிற சத்தம். நல்ல எண்ணத்தில்தான் போட்டாளாம். இருக்கும். குழுவில் இருக்கிற எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். டேனியலிடம் போய்ச் சொன்னவளும் ஜெபத்தில்தான் கேள்விப்பட்டிருப்பாள்.

உருண்டையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டார். இருமல் தேவலை.

நவம்பர் 16, ஞாயிறு

மேகமூட்டம். ஆராதனைக்கு நல்ல கூட்டம். பிரசங்கத்தில் பாதி மைக் சரிபார்த்ததிலேயே போயிற்று.

ஆராதனை முடிந்ததும் வழக்கமாகக் கோயில் வேப்பமரத்தடியில் நின்றேன். பெண்கள் அங்கேதான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். மகன் குடி, மகளுக்குப் பிள்ளை இல்லாதது, கர்ப்பப்பைக் கட்டி. இன்று மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி.

"பொதுவா ஜெபிச்சுக்கிடுங்கக்கா."

ஒருத்தி மட்டும் கொஞ்சம் நின்றாள். "அது இன்னும் ஒங்க வீட்டுல இருக்கா?" பரணில் கிடக்கிறது, ஒயர் இல்லை என்றேன். ஒயர் இல்லாமலும் கேட்கிற சாமான் எல்லாம் வந்திருக்கிறதாமே என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

கடைசியாகத் தங்கம். தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"லில்லிக்கு ஜெபிங்க யக்கா."

"என்னன்னு தங்கம்? நல்லபடியாச் சேந்தாளா?"

"பேரச் சொன்னாப் போதும் யக்கா. மத்தது அவருக்குத் தெரியும்."

சாயங்காலம் பிரம்பு நாற்காலிக்கு முன்னால் முழங்கால் போட்டேன். லில்லி என்றேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கூட யார் தங்குகிறார்கள், அவன் அங்கேயும் தேடி வந்தானா, ஒன்றும் தெரியாது. லில்லி என்று இன்னொரு தடவை சொன்னேன்.