எல்லாருக்கும் சொந்தமான என் இரைப்பை

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கும் சுபஹுத் தொழுகைக்கு முன்னமே தொண்டையில் புளித்த தண்ணீர் வந்து நின்றது. எழும்பி ஓடுவதற்குள் பாதி தலையணையில். உறையை யாரும் பார்க்கமுன் கழுவிப் போட்டேன். வயது நாற்பத்தாறு, எடை 121 கிலோ, பத்து வருடமாகச் சீனி வருத்தம். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கிற ஹமீமா மிஸ்ஸின் சமிபாட்டு இலட்சணம் இது. நான் பலகையில் இரைப்பையைக் கீறும்போது பின்வரிசை வாங்கில் ஒருத்தி இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். கண்டும் காணாத மாதிரி முன்சிறுகுடலைக் கீறினேன்.

பின்னேரம் நானும் புருஷனும் எடை குறைக்கிற ஒபரேஷன் பற்றிக் கேட்க டொக்டரிடம் போனோம். மூன்று படங்களை மேசையில் வைத்தார். முதலாவது பலூன்: வாய் வழியாக இறக்கி ஊதிவிட்டு, ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்களாம். இரண்டாவது ஸ்லீவ்: இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, நாலில் மூன்று பங்கை வீசிவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரித் தைத்து விடுவது. மூன்றாவது பைபாஸ்: மேலே ஒரு முட்டையளவு மட்டும் பிரித்தெடுத்து, கீழே இருந்து சிறுகுடலை இழுத்து அதில் பொருத்துவது.

வயிறு என்னுடையது. டொக்டர் விளக்கியதெல்லாம் நிஸாமுக்கு. (வாயால் இவரின் பேரைச் சொல்வதில்லை. இங்கே எழுதலாம்.) நான் பக்கத்துக் கதிரையில், கைப்பிடி இரண்டுக்கும் நடுவில் இறுகிப்போய் இருந்தேன். எழும்பும்போது கதிரையும் கூடவே எழும்பியது.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வீட்டில் மகாநாடு. நிஸாமின் உம்மா பலீலா மாமி, தங்கச்சி நஸ்லா, நிஸாம், மகள் அஸ்கா. நடுவில் ஒரு தட்டு ரோல்ஸ். வாயில் இறைச்சியை மென்றுகொண்டே என் வயிற்றை வெட்டினார்கள்.

பலீலா மாமி பலூன் கட்சி. "வெச்சமா, எடுத்தமா, ஒத்தருக்கும் தெரியாது."

நஸ்லா ஸ்லீவ் கட்சி. அவளுடைய சிநேகிதியின் மூத்த ராத்தா செய்தாவாம், இப்போது பழைய சட்டையெல்லாம் இரண்டு சுற்று வருதாம்.

நிஸாமுக்குப் புறக்கோட்டையில் பைப்புக் கடை. "பைபாஸ் வாணாம். ஜொயின்ட் கூடினா லீக்கும் கூடும். இருவது வருஷமா பைப்பு விக்கிறன், எனக்குத் தெரியாதா?"

பிறகு மாமி விஷயத்துக்கு வந்தா. தெஹிவளை ஸவாஹிர் ஹாஜியாரின் மகன் அப்ஹாமை அஸ்காவுக்குப் பேசுகிறார்கள். பையனின் உம்மா ஜெஸீமா ஏற்கெனவே என்னைப் பற்றி விசாரித்திருக்கிறாவாம். "உம்மாவப் பாத்துத்தான் மகள எடுக்கிற. வெட்டித்தான் இவ மெலியணும் எண்டு கேள்விப்பட்டா, நாளைக்கு இதும் இப்பிடி ஊதும் எண்டு பயப்படமாட்டாங்களா? ஆஸ்பத்திரிக் கதை வெளிய போகப்படாது. கேட்டா பித்தப்பைல கல்லு."

'இது' என்று கையைக் காட்டியது அஸ்காவை. இருபத்துமூன்று வயதுப் பிள்ளையை. அவள் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் எழும்பிப் போன பிறகு தட்டில் மிஞ்சிக் கிடந்த இரண்டு ரோல்ஸையும் நானே தின்றேன். ஆறியது, எண்ணெய் உறைந்தது. த்தூ, என்னைச் சொல்லணும்.

ஓகஸ்ட் 28, வியாழன்

கமரா விட்டுப் பார்த்தார்கள். திரையில் என் உணவுக்குழாய். கீழ்ப்பக்கம் வெந்து சிவந்து கிடந்தது. எனக்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

இன்றைக்கு டொக்டர் என்னைப் பார்த்துப் பேசினார். ஸ்லீவ் செய்தால் இந்த நெஞ்செரிவு கூடும், குறையாது. பலூன் உங்களுக்குச் சரிவராது. அமிலத்துக்கும் சீனிக்கும் பைபாஸ்தான் நல்லது, ஆனால் பெரிய ஒபரேஷன், வாழ்நாள் முழுக்க விற்றமின் குளிசை போடணும். "தீர்மானம் உங்கட" என்று சிங்களத்தில் சொல்லி முடித்தார்.

"ஜொயின்ட் லீக் ஆகாதா டொக்டர்?" என்று நிஸாம். ஆகலாம், நூற்றுக்கு ஒன்று இரண்டு என்றார் அவர். கார் வெள்ளவத்தைக்கு வரும்வரை நிஸாம் அந்த ஒன்று இரண்டையே பிடித்துக்கொண்டு வந்தார்.

செப்டெம்பர் 3

பைபாஸ் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. நல்ல அமைதியாக இருந்தது.

செப்டெம்பர் 16, செவ்வாய்

முப்பதாம் திகதி ஒபரேஷன். இன்றிலிருந்து இரண்டு கிழமைக்குப் பால், சூப், தண்ணீர் மட்டும். என் ஈரலில் கொழுப்பாம். அது சுருங்கினால்தான் அதைத் தூக்கிவிட்டு இரைப்பையைத் தொடலாமாம். "ஏமாத்தினா உள்ளுக்குத் தெரியும்" என்று டொக்டர் சிரித்தார்.

நஸ்லாவின் மகளுக்கு இருபதாம் திகதியிலிருந்து கலியாண வீடு. மருதாணி, கலியாணம், வலீமா, மறுவீட்டு விருந்து என்று நாலு சாப்பாடு. ஜெஸீமா எல்லாவற்றுக்கும் வருவாவாம். "நான் வரல்ல" என்றேன். "மூத்த மச்சி வராட்டி ஊரே கேக்கும்" என்று மாமி.

செப்டெம்பர் 21, ஞாயிறு

நேற்று மருதாணி விருந்தில் சஹன் சாப்பாடு.

தனிக்கோப்பை என்றால் சோற்றை இப்படியும் அப்படியும் கிளறி ஒப்பேற்றலாம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைவைக்கும்போது என்ன செய்வது? மற்ற ஐந்து பக்கமும் குழி விழுந்துகொண்டு போகுது, என் பக்கம் மட்டும் சோறு குவிந்தபடி நிற்குது. நேர் எதிரே ஜெஸீமா. கோழிக்காலைப் பிய்த்து என் பக்கம் தள்ளினா. "என்ன ஹமீமா, கை வெக்காம ஈக்கிறீங்க? ஏதும் வருத்தமா?"

மேசைக்குக் கீழே மாமி என் தொடையில் கிள்ளினா. இன்றைக்கும் அந்த இடம் நீலம்.

தின்றேன். முதல் பிடி மாமிக்காக. மற்றதெல்லாம் எனக்காக. இதை வேறு எங்கே எழுதுவேன்? ஐந்து நாள் பாலைக் குடித்த வாய்க்கு அந்த நெய்ச்சோறு— இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தபோது ஒருத்தரும் கிள்ளவில்லை. நானே கையை நீட்டினேன். என் வாயை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கு.

செப்டெம்பர் 25

நாலு விருந்தும் முடிந்தது. நாலிலும் தின்றேன். நடுவில் வீட்டுக்கு வந்த சோத்துப் பெட்டியையும் விடவில்லை. இன்னும் ஐந்து நாள் இருக்கு, சுருங்கிவிடும் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்கிறேன்.

ஒக்டோபர் 1, புதன்

நேற்று மயக்கம் தெளிந்து கண் விழித்தேன். வயிற்றில் நாலு பிளாஸ்டர். முடிஞ்சிதா என்று கேட்டேன். தாதி சேலைனைத் தட்டிவிட்டுப் போனா.

ஒன்றும் நடக்கவில்லை. துளை போட்டுக் கமராவை விட்டிருக்கிறார்கள், ஈரல் வீங்கி இரைப்பையை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது. திரும்பத் தைத்துவிட்டார்கள்.

"ரெண்டு கிழமையா என்ன சாப்பிட்டீங்க?" என்று டொக்டர் கேட்டார். நிஸாம் முந்திக்கொண்டு, "ஒண்டும் தின்னல்ல டொக்டர், பால் மட்டும்தான்" என்றார்.

"கலியாணத்தில தின்னன். நாலு நாளும் தின்னன்" என்றேன். தொண்டை வறண்டு பாதிதான் வெளியே வந்தது. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பைலை மூடிவிட்டுச் சொன்னார்: நான் மயக்கத்தில் கிடந்தபோது நிஸாம் தாதியிடம் சொல்லி அனுப்பினாராம். "எப்பிடியும் துளை போட்டாச்சிதானே, அந்த லேசான ஸ்லீவையாவது செஞ்சி விடுங்க" என்று. "நீங்க கையெழுத்து வெச்சது பைபாஸுக்கு. அதனால நான் செய்யல்ல."

நிஸாம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒக்டோபர் 2

சீ.

ஒக்டோபர் 5, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கேட்கவில்லை, இவராகவே ஆரம்பித்தார். "இன்னொருக்கா மயக்கம் குடுக்கணுமே எண்டு பயந்துதான் சென்னன். ஒனக்கு ஏதும் ஆச்செண்டா?" கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரியுது.

"என்ட வயிறு உங்கட கடைல ஈக்கிற பைப்பா? ஒண்டு இல்லாட்டி மத்தத மாட்டிவிட?"

இருபத்தைந்து வருடத்தில் இவரை இப்படிக் கேட்டதில்லை. சோபாவில் போய்ப் படுத்தார்.

மற்றப் பக்கத்தையும் எழுதத்தான் வேணும். அந்த ஈரலை வீங்க வைத்தது இவரில்லை, மாமியுமில்லை. கை என்னுடையது. ஓம், கிள்ளினா. கிள்ளினால் வாய் திறக்குமா?

ஒக்டோபர் 11, சனி

ஜெஸீமா சுகம் விசாரிக்க வந்தா. அப்பிளும் தோடம்பழமும் ஒரு கூடை. மாமி பித்தப்பைக் கதையை விரித்து வைத்தா. அதற்கு ஜெஸீமா, "எங்க கல்ல? போத்தல்ல போட்டுத் தருவாங்களே. என்ட மூத்த நானாட கல்லு இன்னும் அலுமாரில ஈக்குது, கொண்டக்கடலை மாதிரி" என்றா.

மாமி முழித்தா. "அத… அங்கயே கழுவி வீசிட்டாங்க."

பொய்யாக ஒரு கல்லைத் தேடி இந்த வீடு அல்லாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கல்லு ஒண்டும் இல்ல ராத்தா. கொழுப்புக்கு ஒபரேஷன் செய்யப் போனன். உங்களுக்கு முன்னால சஹன்ல தின்னதால அது நடக்கல்ல. திரும்பப் போகப்போறன்."

மாமியின் முகம் வெளுத்துப் போனது. சரி, கலியாணப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். ஜெஸீமா அதிரவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டா. "இத ஏன் ஒளிச்சீங்க? நல்லதாப் போச்சி. அந்த டொக்டர்ட நம்பரத் தாங்க. கலியாணத்துக்கு முந்தி அஸ்காக்கும், இப்ப எல்லாரும் வெக்கிறாங்களே, அந்தப் பலூன வெச்சிடுவோம். உங்கட ஒடம்பு வாகுதானே. இப்பவே புடிச்சா உங்கள மாதிரி ஆகாது."

அஸ்கா அறுபத்திரண்டு கிலோ. தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"அதும் நல்ல யோசனதான்" என்று மாமி. அல்லாஹ்! சொந்தப் பேத்தியை!

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அஸ்கா மெல்ல என் பக்கம் திரும்பி, "ஆறு மாசத்தில எடுத்துடுவாங்கதானே உம்மா?" என்றாள்.

அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிந்தது. ஓகஸ்டிலிருந்து 'ஒபிஸ்ல சாப்பிட்டன்' என்று எத்தனை இரவு சொன்னாள்? வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குப் போசணை படிப்பிக்கிறேன். வீட்டில் ஒருத்தி பட்டினி கிடக்க, நான் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"டீயக் குடிச்சிட்டுப் போங்க ராத்தா" என்றேன். "என்ட புள்ளட வயித்தில ஒத்தரும் கை வெக்க ஏலாது. பேச்சு முடிஞ்சி."

டீயைக் குடிக்காமலே போனா.

ஒக்டோபர் 14

அஸ்கா பேசவில்லை. மூன்று நாள். இன்றைக்கு ஒரே ஒரு வசனம், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று: "எனக்கு அவரப் புடிச்சீந்திச்சி உம்மா."

அழுதேன். நான் செய்தது சரி என்று தெரிந்தும் அழுதேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

குசினி வாசலில் வந்து நின்றாள். அப்ஹாம் கோல் எடுத்தானாம். பலூன் கதை தெரியுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். "எங்கட உம்மா நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றானாம்.

"நம்பர அழிச்சிட்டன்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் அணைக்கப் போனேன், விலகினாள். போகட்டும், கோபம் இருக்கத்தான் வேணும்.

நவம்பர் 3, திங்கள்

பதினான்கு நாள். பாலும் சூப்பும் தவிர ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. மாமி இரண்டு தரம் மாப்பிள்ளை போன கதையை எடுத்துப் பார்த்தா, நான் எழும்பிப் போனேன். நாளைக்குக் காலமை ஆறரைக்கு ஒபரேஷன்.

நிஸாம் சம்மதப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேனையையும் மூடி கழற்றி வைத்தார். ஒபரேஷனின் பெயர் எழுதும் கோட்டில் நானே எழுதினேன்.

நவம்பர் 7, வெள்ளி

பைபாஸ் முடிந்து மூன்றாம் நாள். ஈரல் வழிவிட்டதாம். சின்னக் கப்பால் முடறு முடறாகத் தண்ணீர், அரை மணித்தியாலத்துக்கு ஒரு கப். நோகுது. வாய் நாறுது. தொண்டைக்குப் புளித்த தண்ணீர் வரவில்லை.

அஸ்கா வேலை முடிந்து நேரே வார்டுக்கு வந்தாள். கையில் ஒரு சோத்துப் பார்சல். "பசிக்குது உம்மா" என்றாள். இந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எத்தனை நாள்! கட்டிலோரக் கதிரையில் இருந்து, மடியில் பார்சலைப் பிரித்து, பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். மீன் குழம்பு, பருப்பு, பொரித்த மிளகாய். வார்டு முழுக்க வாசம்.

தாதிக்குக் கோபம். ஒன்றும் தின்ன ஏலாத நோயாளிக்கு முன்னால் இப்படியா என்று சிங்களத்தில் ஏசினா.

"எயாட்ட கன்ன தென்ன மிஸ்" என்றேன். அவள் சாப்பிடட்டும்.

மீன் தலையைக்கூட விடவில்லை. தாளில் ஒட்டியிருந்த பருக்கையையும் விரலால் எடுத்தாள். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.