கோப்பையில் உறைந்த பல் செட்

ஸ்ட்ராம்னஸ்
ஜனவரி, வியாழன் பிற்பகல்

அன்பு மகள் ரோனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மேய்சியும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று இத்தனை நாள் வழக்கத்துக்காகக் கேட்டேன், இந்த முறை பதில் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று திகைக்காதே, நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை மேய்சி. துணிக் கூடையோடு சந்துப் படியில் பனி வழுக்கி விழுந்தேன், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பெரிதாக ஒன்றுமில்லை. நான் விழுந்த வேகத்தில் கூடையிலிருந்த துணியைக் காற்று வாரிக்கொண்டு போனது, அப்பாவின் கால்சட்டை துறைமுகத்தில் மீன் பெட்டிமேல் போய் உட்கார்ந்திருந்ததாம். பக்கத்து வீட்டு டவீனா அதை எடுத்து வந்து, "தோரா, உன் புருஷனுக்கு முன்னாடியே அவன் கால்சட்டை வேலைக்குப் போயிருச்சுடி" என்றாள். வலியிலும் சிரித்தேன். இந்த ஊரில் எலும்பு முறிந்தாலும் முதலில் சிரிப்பு வந்துவிடுகிறது, அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

நவம்பரில் நீ எழுதிய கடிதம் புத்தாண்டு முடிந்துதான் கைக்கு வந்தது. பனிக்கடலிலிருந்து வரும் கடிதம் தெருவுக்கே பொது என்பது திமிங்கில வேட்டைக் காலத்திலிருந்து இங்கே உள்ள வழக்கம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்கஸின் மீன் கடையில் வைத்து அப்பாதான் வாசித்தார். உங்கள் தென்துருவ நிலையத் தலைவர் கிரஹாம் கூடாரத்தில் படுக்கும்போது பல் செட்டைக் கழற்றிக் கோப்பைத் தண்ணீரில் போட்டாராம், காலையில் கோப்பையோடு சேர்ந்து உறைந்துவிட்டதாம், அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே கஞ்சி உறிஞ்சினாராம், மத்தியானம் வரைக்கும் அவர் போட்ட உத்தரவெல்லாம் வெறும் காற்றாக வந்ததாம். கடையில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பாப் ஹார்கஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "டேய் ஜிம், உன் மக டீசல் எஞ்சின் ரிப்பேர் பார்க்கப் போனாளா, ஊரைச் சிரிக்க வைக்கப் போனாளா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். மேய்சி மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடி உன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய், தலைமாட்டில் வைத்திருக்கும் சிரிப்பு நடிகன் ஆல்பி தோர்ன்லி பனிக்குப் போய் வந்து எழுதிய இரண்டாவது பயணப் புத்தகத்தைக் கொண்டு வந்து அடுப்படி மேசையில் விரித்து வைத்தாள். அந்தப் பல் செட் அதில் இருந்தது. கோப்பை, அக்குள், கஞ்சி எல்லாம் அப்படியே. பெயர் மட்டும் வேறு. பிறகு மேய்சி நீ போன வருடம் அனுப்பிய புகைப்படத்தை எடுத்துக் காட்டினாள். கிரஹாமுக்கு முப்பது வயதுகூட இருக்காது, வரிசையான சொந்தப் பல்லால் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

இரவல் வாங்கினாய் என்று கோபமில்லை மகளே. அந்த ஆளின் புத்தகங்கள் இந்த வீட்டில் பைபிளைவிட அதிகம் புரண்டவை. டிவியில் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு பஸ் கண்டக்டராக வந்தவன், வாளியை வைத்துவிட்டு ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் எழுத ஆரம்பித்தபோது, நீ பன்னிரண்டு வயதில் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உருண்டாய். பனிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் உனக்கு அந்தப் படியில்தான் வந்தது. எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் வேறு. உன் பழைய கடிதங்களை எல்லாம் மேய்சியை வரிசையாக வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் உன்னோடு வேலை பார்க்கும் காலின் இருக்கிறான். காலின் பாடினான், காலின் ரொட்டியைக் கரியாக்கினான், காலினோடு கடல்பனி மேல் சறுக்கு வண்டியில் போனேன், அடுத்த வாரம் மறுபடியும் போகிறோம் என்று. அந்த அடுத்த வாரத்துக்குப் பின் வந்ததுதான் இந்தக் கடிதம். இதில் பல் செட் இருக்கிறது, காலின் இல்லை. ஓர் இடத்தில்கூட இல்லை. சும்மா இருக்க முடியாமல் உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். ஒரு பெண் பணிவாக, "எல்லாரும் இருக்காங்கம்மா, கவலைப்படாதீங்க" என்றாள். இருக்கிறார்கள் என்றால் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் மறுபடியும் அதே வரியைச் சொன்னாள்.

போன சனிக்கிழமை ஆல்பி தோர்ன்லியே இங்கே வந்திருந்தான். ஐந்தாறு வருடம் பழைய காகிதங்களைக் குடைந்து, 'பேஷன்ஸ்' கப்பலைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு சரித்திரம் எழுதியிருக்கிறான். நம் கிணற்றில் கடைசித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வடக்கே வழி தேடிப் போய், ஓர் ஆள்கூடத் திரும்பாத கப்பல். அதைப் பற்றிப் பேச வந்தான். நகர மன்றத்தில் நிற்க இடமில்லை. ஆள் நரைத்துவிட்டான், கண்ணாடி போட்டிருக்கிறான், டிவியில் பார்த்ததைவிடக் குள்ளம். பாப் ஹார்கஸ் பின்வரிசையிலிருந்து, "வாளி எங்கய்யா?" என்று கத்தினான். "கப்பல் ஆபீஸ்ல பறிச்சு வச்சுக்கிட்டாங்க, எடை ஜாஸ்தியாம்" என்றான் அவன். டவீனா எழுந்து, "எங்க கிணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் அவங்க செத்தாங்கன்னு எழுதி வச்சிருக்கியா தம்பி?" என்று கேட்க, "இல்லம்மா, அது தீர்ந்து போனதாலதான்" என்றான். சபை முழுக்கச் சிரிப்பு. மேய்சி என் முழங்கையை இடித்தாள். மாவுக்கட்டுக் கையைத் தூக்கினேன், அதைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது.

என் மகள் தெற்கே பனியில் இருக்கிறாள், உன் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் போனாள், அங்கே நீ எழுதிய மாதிரித்தான் இருக்குமா, அந்தப் பல் செட் நிஜமாகவே உறைந்ததா என்று கேட்டேன். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி துடைத்தான். "பல் செட்டே கிடையாதும்மா" என்றான். "அந்த ஆளுக்கு எல்லாமே சொந்தப் பல்லு. அன்னைக்கு அவன் பனி வெடிப்புல நெஞ்சு வரைக்கும் இறங்கிட்டான். நான் கயித்தப் பிடிச்சுக்கிட்டுக் குப்புறக் கிடந்தேன். எப்படியோ மேல வந்துட்டான். அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசிக்கல. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தா அது வரல. பல் செட்டுதான் வந்துச்சு." அப்புறம் நாம் வாய்விட்டுச் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னான், ரோனா. நம் ஊர் வழக்கம் தெரியாதவன், அன்றைக்கு எவ்வளவு நடுங்கினான் என்பதை அந்தச் சொல்லாலேயே மேடையில் நின்று சொல்லிவிட்டான். மன்றத்தில் பாதிப் பேருக்குக் கடலில் ஆள் இருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கெட்டது அண்டாமலிருக்க யாரோ நாற்காலியின் மரத்தைத் தொட்டார்கள். நான் மட்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை பக்கச் சரித்திரத்தையும் அவன் எழுதியது அந்தப் பல் செட்டுக்குப் பரிகாரமாகத்தான் இருக்கும் என்று மேய்சி திரும்பி வரும் வழியில் சொன்னாள். எனக்கு அவ்வளவு தெரியாது. அவன் புத்தகம் நெடுகச் சிரிப்புக் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன, அத்தனையிலும் நீ ஏன் அந்த ஒன்றை எடுத்தாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதன் அடியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கை தானாக அங்கே போயிருக்கிறது. வெடிப்பில் இறங்கியது காலினா, நீயா? கயிற்றைப் பிடித்தது யார்?

கடலில் ஆள் இருக்கும் வீட்டில் மனம் நடுங்குவதற்கான சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் அலை கேட்டுக்கொள்ளும் என்று என் அம்மா எனக்குச் சொன்னாள், நான் உனக்குச் சொன்னேன். கடலுக்கு ஆகாதென்று பாதிரியாரைக்கூடப் பெயர் சொல்லாமல் 'நிற்கிறவர்' என்றுதானே சொல்வோம், போன ஞாயிறுகூட அவர் வாசலுக்கு வந்தபோது மேய்சி உள்ளே பார்த்து "நிற்கிறவர் வந்து நிற்கிறார்" என்று குரல் கொடுத்தாள், அவரே சிரித்துவிட்டார். உனக்கு ஐந்து வயதில் ஒரு நாள் இடி இடித்தபோது அந்தச் சொல்லோடு என்னிடம் ஓடி வந்தாய். உன் வாயைப் பொத்தி, அப்பா கரை சேரட்டும், அப்புறம் சொல் என்றேன். அப்பா வந்து சேர்ந்தபோது நீ தூங்கிப் போயிருந்தாய். அதற்குப் பிறகு நீ சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, விமானம் ஏறும்போது சொல்லவில்லை. அதற்குப் பதில் எங்களைச் சிரிக்க வைத்தாய். கெட்டிக்காரி என்று ஊர் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன்.

நீ இருக்கும் இடம் கடலில் சேருமா தரையில் சேருமா என்று டவீனாவிடம் கேட்டேன், வழக்கம் தெரிந்தவள் அவள்தானே. "தண்ணி கெட்டியாயிட்டா தண்ணி இல்லாம போயிருமாடி? கீழ கடல்தான்" என்றாள். அப்பா, "பத்து டன் வண்டி போகுதுன்னா அது ரோடுதான்" என்றார். அவர்கள் இருவரும் இன்னும் அதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. அப்பா எதுவும் நடக்காத மாதிரி இருக்கிறார், ஆனால் சனிக்கிழமையிலிருந்து கொட்டகையில் உட்கார்ந்து பழைய கயிறுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால் கயிறு உளுத்துப்போச்சா என்று பார்க்கிறேன் என்கிறார். முழங்கால் வலி அவருக்கு அப்படியேதான் இருக்கிறது. மேய்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் பரிசு கிடைத்திருக்கிறது, இதை எழுத வேண்டாம் என்றாள், எழுது என்றேன். டவீனா உனக்காக ருபார்ப் ஜாம் ஒரு புட்டி கொடுத்திருக்கிறாள், கடிதத்தோடு போகும், உடையாமல் வந்தால் உன் அதிர்ஷ்டம்.

இந்தக் கடிதம் கடைசிக் கப்பலில்தான் உன்னிடம் வரும். அந்தக் கப்பல் திரும்பினால் பிறகு அடுத்த கோடை வரை அங்கே வழி கிடையாது, தெரியும். இன்னொரு குளிர்காலம் இருக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மனசுக்கு நல்லதென்று நீ இருந்தால் இரு. எங்களுக்கு முன்னால் தைரியசாலியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் இருக்காதே. வந்தால் மாடியறை அப்படியே இருக்கிறது, மீன் கடையில் யாராவது ஏதாவது சொன்னால் அந்த வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். எதைத் தீர்மானித்தாலும் அந்தக் கப்பல் திரும்பும்போது அதில் உன் கடிதம் ஒன்று வர வேண்டும். அதில் நான் ஓர் இடத்தில்கூடச் சிரிக்கக் கூடாது. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, தூக்கத்தில் என்ன வருகிறது, காலின் உன்னோடு பேசுகிறானா, அவன் இப்போதும் பாடுகிறானா, இவ்வளவு போதும். நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதை நான் கடையில் வாசிக்க விடமாட்டேன். தெருவுக்குப் பொது என்ற வழக்கத்தை இந்த ஒரு முறை மீறிக்கொள்கிறேன்.

இரட்டைக் கையுறை போடாமல் எஞ்சினைத் தொடாதே. தனியாக எங்கும் போகாதே, கயிற்றை அவிழ்க்காதே, இடுப்பில் அழுத்தினாலும் அவிழ்க்காதே. உன் காலடியில் பனி கெட்டியாக இருக்கட்டும், வெடிப்பு உன்னைக் கண்டு விலகிப் போகட்டும், உனக்குக் கயிறு பிடிக்கிற கை சோராமல் இருக்கட்டும், நீ பிடிக்க நேர்ந்தால் உன் கையும் சோராமல் இருக்கட்டும். கடிதத்தை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா தோரா

அக்கா, இதை எழுதுவது மேய்சி, இது நானாகச் சொல்வது. கடிதம் முழுக்க அம்மா அந்தச் சொல்லை என்னை எழுதவே விடவில்லை. கையெழுத்து வரைக்கும் முடித்து உறையில் போடப் போகும்போது எழுந்து ஜன்னலுக்குப் போனாள். புயல் காரணமாக அப்பாவின் படகு இன்று துறையில் கட்டிக் கிடக்கிறது, அப்பா அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்து, "நம்ம ஆளு யாரும் கடல்ல இல்லையே ஜிம்?" என்று கேட்டாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பனி ரோடுதான் தோரா, நீ சொல்லு" என்றார். அம்மா என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே கோணலாக இருப்பது அம்மாவின் இடது கை எழுத்து. நான் பிடித்து உதவவில்லை.

ரோனா எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன். இனி நீயும் சொல்லலாம்.