அந்தப் பாடகியும் என் விரலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

தங்கச்சி கும்பிடுகிற அந்தப் பாடகி என்னை இங்கேயும் விடவில்லை. என்னோடு கம்பெனியில் தைக்கிற, விடுதி அறையில் இருக்கிற பெண்களுக்கு எல்லாம் அவள்மேல் பைத்தியம். சுவரெல்லாம் அவள் மூஞ்சிதான். குரலோ குக்கர் விசில். “குனிஞ்சது போதும்டி” என்று ஒரே வரியை ஓயாமல் கத்துவதற்குப் பெயர் பாட்டாம்.

போன வாரம் தையல் மெஷின் ஊசி என் விரலில் லேசாக ஏறிவிட்டது. பயப்படாதே, ஆறிவிட்டது. சூப்பர்வைசர், “துணியில ரத்தம் படாம தைச்சு முடி” என்றான். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். இந்தக் கழுதைகளோ மெஷின்களை நிறுத்திவிட்டு, அந்தப் பாழாய்ப்போன பாட்டை எல்லோருமாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுருதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேட்கச் சகிக்காமலோ என்னவோ, அவனே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனான்.

“அக்கா, நீங்க மட்டும் ஏன் பாடல?” என்று அப்புறம் கேட்டார்கள். அந்தக் கண்றாவியை நானா பாடுவேன்?

தங்கச்சி பாடினால் இனிமேல் திட்டாதே. கத்திவிட்டுப் போகட்டும். அந்தப் பாட்டு முழுவதையும் அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல். எனக்கு முதல் வரிக்கு மேல் தெரியவில்லை. இவர்களிடம் கேட்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் பெரியவள்